மில் மதிலில் பட்ட வெயில்

எங்கள் பக்கத்தில் நல்ல காரியம் என்றால் பெண்ணைக் கிழக்கு பார்த்துத்தான் உட்கார வைப்பார்கள். கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் முடிய மாலை ஆறு மணி ஆகிவிடும். இந்த மூன்றும் சேர்ந்தால் போட்டோ எடுப்பவன் கதி என்ன என்று யாரும் யோசித்ததில்லை. பெண்ணின் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். எதிரே நிற்கும் நான் நேராகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பேன். கேமரா அந்த வானத்தைக் கண்டு மிரண்டு, முன்னால் இருக்கும் முகத்தைக் கரிக்கட்டை ஆக்கிவிடும்.

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஃப்ளாஷை நேராக முகத்தில் அடிப்பது. அடித்தால் நெற்றி வியர்வை பளபளக்கும், கண் மிரளும், முகம் மட்டும் தனியாக வெட்டி ஒட்டியது போல இருக்கும். அதைப் பற்றிக் கவலை இல்லை. திரும்பி வந்து கம்ப்யூட்டரில் 'ஏத்தி' விடுவோம். ஏற்றுவது என்றால் நிறத்தை வெளுப்பது. "மாநிறத்துக்கு ஒரு ஏத்து, கறுப்புக்கு ரெண்டு ஏத்து" என்பது ஓனர் சொன்ன கணக்கு. காலனியில் இருந்து வரும் ஆல்பம் என்றால் அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார். "எல்லாத்தையும் ரெண்டு ஏத்திடு" என்பார்.

ஏற்றுகிற வேலை என்னுடையது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஒலக்கூர் பக்கம் நாற்று நடவும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை பிடுங்கவும் போகிறவர்கள். நான் இயற்பியல் பட்டம் வாங்கினேன். ஒளி எப்படிப் போகும், எதில் பட்டு எப்படித் திரும்பும் என்று மூன்று வருடம் பரீட்சை எழுதியவன், ஏசி இல்லாத அறையில் உட்கார்ந்து, என்னைப் போலவே இருக்கும் ஆட்களை மௌஸால் வெளுத்துக்கொண்டிருந்தேன். அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. அவர்களுக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன்.

அப்படித்தான் எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் பெண்ணின் படத்தையும் ஏற்றினேன். ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு படித்தவள். செருப்புக் கம்பெனியில் வேலை. விடியற்காலையில் மெயின்ரோடு வந்து சேரும் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் பிடிப்பாள். வலது கன்னத்தில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. வகுப்பில் எவனோ வீசிய சிலேட்டு பட்டது. ஜாதகத்தோடு கொடுக்க ஒரு படம் வேண்டும் என்று அவள் அம்மா ஸ்டுடியோவுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நம் தெருப் பெண்ணாயிற்றே என்று நான் இரண்டுக்குப் பதில் மூன்றாக ஏற்றினேன். தழும்பு மறைந்து போனது. அப்படியே வேறு என்னென்னவோவும்.

விழுப்புரம் பக்கத்தில் இருந்து பெண் பார்க்க வந்தார்கள். அவள் காபித் தட்டோடு வெளியே வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்தார், பையில் இருந்து படத்தை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு அக்கா தங்கச்சி யாருன்னா கீறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லிங்களே, ஒரே பொண்ணு."

"அப்ப போட்டோல கீறது யாரு?"

காபி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். இதெல்லாம் அன்று ராத்திரியே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் திண்டிவனம் போக நான் கூட்ரோட்டில் நின்றபோது அவளும் நின்றிருந்தாள். கூடவே கம்பெனிக்குப் போகும் பத்துப் பதினைந்து பெண்கள்.

"ஏன்டா, என் மூஞ்சி உன்ன இன்னா பண்ணுச்சி?" என்றாள்.

"ஸ்டுடியோல அப்டித்தான் பண்ண சொல்வாங்க..."

"சொன்னது அவுரு. இழுத்தது யாரு கையி?"

அவள் பக்கத்தில் நின்றவள், "வுடுடி, பவுடர் டப்பாக்குள்ள வுழுந்து பொறந்தவன் போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பஸ் வந்தது. ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னாள். "படிச்சவனாம்."

அந்த ஒரு வார்த்தையோடு இரண்டு வருடம் ஓட்டினேன். ஏற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. கை அதுபாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு அவளுக்கு வரன் தானாக அமைந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி கம்பெனி பஸ் ஒரு நாள் பஞ்சர் ஆகி நின்றது. டயர் மாற்ற வந்த கடைக்காரப் பையன், வண்டியை விட்டு இறங்கி நின்ற பெண்களில் இவளைப் பார்த்திருக்கிறான். மத்தியான வெயிலில், வேலை முடிந்த களைப்பில், கம்பெனி யூனிஃபார்மில். அடுத்த மாதம் அவன் வீட்டில் இருந்து ஆள் வந்தது. போட்டோ கேட்கவே இல்லை.

ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறுக்கு மேல் நிச்சயம். ஸ்டுடியோவில் என்னைத்தான் அனுப்புவதாக இருந்தது. அவள் வழியில் மறித்தாள்.

"நீ வா, வேணான்னு சொல்லல. ஆனா இந்த வாட்டி நான் எப்டி கீறனோ அப்டித்தான் ஆல்பத்துல வரணும். வேற எவளாவது வந்தா அடுப்புல போட்டுடுவேன். உன்னையும் சேத்து."

"வெயிலு பின்னாடி இருக்கும். ஃப்ளாஷ் அடிக்காம மூஞ்சி தெரியாது. அடிச்சா நீ மாதிரி இருக்காது. ரொம்ப பேஜாருமா அது."

"நீ தான வெளிச்சத்தப் பத்தி படிச்ச? போய் படிச்சத எடுத்து பாரு."

சனிக்கிழமை மாலை கேமராவோடு போய் அந்த இடத்தில் நின்றேன். எங்கள் காலனியில் விசேஷம் எல்லாம் நடப்பது ஒரு பொது இடத்தில். மேற்கே வயல்வெளி, தடுப்பு ஒன்றும் இல்லை. கிழக்கே ரைஸ் மில்காரர் கட்டிய மதில். அந்த மதில் வருவதற்கு முன்னால் நாங்கள் நேராக நடந்து ரோட்டுக்குப் போவோம். வந்த பிறகு சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். கம்பெனி பஸ் பிடிக்கிற பெண்கள் அதற்காகவே கால் மணி நேரம் முன்னதாக எழுந்திருக்கிறார்கள். அந்த மதிலைப் பார்த்து நான் நல்லதாக ஒரு வார்த்தை நினைத்ததில்லை. அப்போதுதான் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள்.

பெண் உட்காரும் இடத்தில் என் இடது கையை நீட்டி, வலது கையால் படம் எடுத்தேன். அவள் நிறமும் என் நிறமும் ஒன்றுதான், அதனால் கையே போதும். கேமராவின் போக்கில் விட்டால் வானம் அழகாக வந்தது, கை காணாமல் போனது. கைக்கு ஏற்றபடி திருகினால் கை தெரிந்தது, ஆனால் சாம்பல் பூசியது போல உயிர் இல்லை. உட்காரும் இடத்தைக் கிழக்கே தள்ளிப் பார்த்தேன். எட்டு அடி, பத்து அடி. மதிலை நெருங்க நெருங்கக் கையில் ஒரு வெளிச்சம் ஏறியது. மேற்கில் இருந்து வருகிற வெயில் மதிலில் போய் மோதித் திரும்பி, முன்பக்கமாக வந்து விழுந்தது. ஃப்ளாஷ் போல அறையவில்லை. கையில் இருந்த முடி, நரம்பு, கதிர் அறுத்தபோது கிழித்த கோடு எல்லாம் தெரிந்தன. நிறம் நிறமாகவே இருந்தது.

வானம் மட்டும் வெள்ளையாகப் போய்விட்டது. போகட்டும் என்று விட்டேன்.

அப்போது திடீரென்று கை இருண்டது. மேய்ந்து திரும்பும் மாடுகள் எனக்கு எதிரே மேற்கு வரப்பில் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் நிழல்கள் நீளமாக வளர்ந்து மதிலில் விழுந்து வெள்ளையை விழுங்கிவிட்டன. மாடு கடந்ததும் வெளிச்சம் திரும்ப வந்தது. சூரியன் அவ்வளவு கீழே இருக்கும்போது தூரத்தில் நிற்பவன் நிழலும் மதில் வரைக்கும் போகும். நாளைக்கு இங்கே இருநூறு பேர் நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஷாமியானா கட்டியாகிவிட்டது. சிவப்பும் நீலமுமாக மேலே துணி, மேற்குப் பக்கம் மறைப்பு. அதற்குள் வாடகைக்கு எடுத்த ராஜா நாற்காலி. பெண்ணின் தாய்மாமன்தான் பொறுப்பு.

"மாமா, மேற்கு பக்கம் கட்டின துணிய அவுக்கணும். நாற்காலிய வெளிய போடணும்."

"இன்னாடா சொல்ற? வெயிலுக்குத்தான்டா துணியே கட்டிக்கீது."

"வெயிலு வேணும் மாமா."

"இவ்ளோ நாளு வெயிலு வேணான்னு வேலைக்குப் போவாம ஸ்டுடியோல உக்காந்துக்கினு இருந்தவன், இன்னிக்கி வெயிலு கேக்குறான் பாரு" என்று அவர் பந்தல்காரரிடம் சொன்னார். ஆனாலும் அவிழ்த்தார்.

அதற்குள் வீட்டுக்குள் ஒரு சத்தம். திண்டிவனத்தில் இருந்து வந்திருந்த பியூட்டிஷியன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து அலங்காரம் செய்திருந்தார். அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்து, முகத்துக்குப் பக்கத்தில் கையையும் வைத்துப் பார்த்திருக்கிறாள். முகம் கோதுமை நிறம், கை அவள் நிறம். எழுந்து போய்த் தண்ணீர் டிரம் பக்கத்தில் குனிந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள்.

"ஐயய்யோ, அத்தனையும் போச்சே!" என்று பியூட்டிஷியன் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்ணுக்கு மையி மட்டும் வச்சி விடுங்கக்கா, ஜல்தி. வெயிலு இறங்குது" என்றாள் அவள், முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட.

ஆறு மணி தாண்டி, தட்டு மாற்றி, அவளைக் கொண்டு வந்து கிழக்கு பார்த்து உட்கார வைத்தார்கள். நான் மதிலுக்கும் அவளுக்கும் நடுவில் குனிந்து கேமராவைத் தூக்கினேன். நினைத்தபடியே சொந்தக்காரர்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால் திரண்டு நின்றார்கள். மதில் முழுக்கத் தலைகள். அவள் முகம் இருண்டது.

"எல்லாரும் ரெண்டு பக்கமும் விலகுங்க! உங்க நிழலு செவுத்துல விழுது!"

"செவுத்துல விழுந்தா உனக்கு இன்னா? பொண்ண எடு" என்றது ஒரு குரல்.

"செவுத்துல இருந்துதான் பொண்ணுக்கு வெளிச்சம் வருது!"

யாருக்கும் புரியவில்லை. மாமா தன் மூன்று சம்பந்திகளைத் தள்ளி நிறுத்திக்காட்டினார். அவர்கள் நகர்ந்ததும் அவள் முகத்தில் வெளிச்சம் ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கூட்டம் தானாகப் பிரிந்தது.

சரியாக அந்த நேரத்தில் மில் வாட்ச்மேன் மதிலைச் சுற்றி வந்து சேர்ந்தார்.

"இன்னா இங்க கூட்டம்? வெள்ளை அடிச்சி நாலு நாளு கூட ஆவல. செவுத்தாண்ட யாரும் வரக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிக்கீறாரு."

"நாங்க தொடலியே" என்றார் பெண்ணின் அம்மா.

"தொடல சரி. நேத்துல இருந்து இந்தப் பையன் செவுத்தையே பாத்து கைய கைய நீட்டிக்கினு கீறான். இன்னா சங்கதின்னு மொதலாளி கேக்குறாரு."

"செவுரு உங்க மொதலாளிது. அதுல பட்டு திரும்பி எங்க பக்கம் வர்ற வெயிலுக்கும் பட்டா வாங்கி வச்சிக்கீறாரா? இருந்தா எடுத்தாரச் சொல்லு, பாக்கலாம்" என்று பெண்ணின் அம்மாவே திருப்பிக் கேட்டார்.

கூட்டம் ஓ என்று சத்தம் போட்டது. நான் கேமராவில் இருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, உங்க நிழலும் விழுது" என்றேன். அவர் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டு, மரியாதையாக இரண்டடி விலகி நின்றார். பிறகுதான் தான் விரட்ட வந்தது ஞாபகம் வந்தது போல. "நான் சொல்லிட்டேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கால் மணி நேரம் கிடைத்தது. எடுத்துத் தள்ளினேன். சின்னத் திரையில் மாமா எட்டிப் பார்த்தார்.

"ஆகாசம் எங்கடா? ஒண்ணுமே காணோம், வெள்ளையா கீது."

"ஆகாசத்துக்கா மாமா நிச்சயம்?"

அவள் கை நீட்டிக் கேமராவை வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கன்னத்துத் தழும்பைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இது நான்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

ஸ்டுடியோவில் ஓனர் ஒத்துக்கொள்ளவில்லை. "வானம் வெந்து போச்சு, பொண்ணு கறுப்பு. கறுப்புன்னா ரெண்டு ஏத்து, இத கூட மறந்துட்டியா?" என்றார். ஏற்ற மாட்டேன் என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படக்கூட இல்லை, சிரித்தார். "அந்தப் பொண்ணயே வரச் சொல்லு. ரெண்டையும் காட்டுறேன். எது வேணும்னு அதுவே சொல்லட்டும்" என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் வந்தாள். ஓனரே மௌஸைப் பிடித்தார். ஒரு இழுப்பு. இரண்டு இழுப்பு. அவள் முகம் வெளுத்தது, தழும்பு போனது.

"இப்ப பாரும்மா, எப்டி கீது?"

"நல்லா கீதுண்ணே. யாருண்ணே இது?"

"என்னம்மா விளையாடுற..."

"இல்லண்ணே, நெசமா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவளத்தான் ஒருத்தரு எங்க வீட்ல வந்து தேடிட்டு போனாரு. நீங்க பாத்தா அவருக்கு இவளக் கட்டி வைங்க. எனக்கு என்னுது போதும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓனர் சுருதி இறங்கி, "இதுல எங்க ஸ்டுடியோ பேரு போட மாட்டேன். பாக்குறவன் எனக்கு வேலை தெரியலன்னு சொல்லுவான். கல்யாணத்துக்கும் ஆள் அனுப்ப மாட்டேன்" என்றார்.

"போடாதீங்க. அனுப்பாதீங்க. இவன் வருவான்" என்று அவள் என்னைக் காட்டினாள். என்னைக் கேட்கவில்லை. நான் வருகிறேன் என்று தலையாட்டினேன். அந்த வாரத்தோடு ஸ்டுடியோ வேலை போனது.

ஆடி முடிந்து ஆவணியில் கல்யாணம். காலையில் கோயிலில் தாலி, மாலையில் அதே பொது இடத்தில் வரவேற்பு. மறுபடியும் ஞாயிறு, மறுபடியும் கிழக்கு. விழுப்புரத்தில் தெரிந்தவரிடம் ஒரு கேமரா வாங்கிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தேன்.

மதிலைக் கரும்பச்சையாக அடித்துவிட்டிருந்தார்கள். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை. கையை நீட்டினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. பாசி படிந்த கிணற்றுக்குள் கை விட்டது போல இருந்தது. மில்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் அடித்தாரா, அவருக்கே பச்சை பிடித்துப்போனதா, எனக்குத் தெரியாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சந்தேகம் தேவைப்படவில்லை.

அவள் வீட்டுக்குப் போனேன். கையில் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கம்பெனித் தோழிகள்.

"செவுரு போச்சு. ஃப்ளாஷ்தான் அடிக்கணும் போல" என்றேன்.

"செவுத்துக்கு பதிலா வெள்ளையா வேற இன்னா இருந்தாலும் சரியா?"

"சரிதான். ஆனா பெருசா இருக்கணும்."

கூட்ரோட்டில் என்னைப் பவுடர் டப்பா என்று சொன்னவள்தான் சட்டென்று எழுந்தாள். "மல்லாட்டை காய வைக்கிற படுதா இருக்குதே எங்க வூட்ல" என்றாள்.

அது உரச்சாக்குகளைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்த படுதா. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். மறுநாள் மாலை ஆறு மணிக்கு நான்கு படுதாக்கள் வந்தன. சாக்கில் எழுத்து அச்சடித்த பக்கம் மதிலைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் எங்களைப் பார்க்க, பட்டுப்புடவை கட்டிய இருபது பெண்கள் கரும்பச்சை மதிலுக்கு ஒரு முழம் முன்னால் வரிசையாக நின்று, கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்கள். மண்ணும் மல்லாட்டைத் தூசும் அவர்கள் தலையில் உதிர்ந்தன.

வாட்ச்மேன் வந்தார். வரிசையை ஒரு முறை பார்த்தார்.

"செவுத்த தொடலியே?"

"தொடல!" என்றார்கள் இருபது பேரும்.

"மொதலாளி கேட்டா நான் டீ குடிக்கப் போயிருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மாப்பிள்ளையும் அவளும் கிழக்கு பார்த்து உட்கார்ந்தார்கள். மாமா ஆசீர்வாதம் பண்ண அவர்களுக்குப் பின்னால் போய் நின்றார். "மாமா, நிழலு!" என்று மொத்த வரிசையும் கத்தியது. அவர் துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துவிட்டான்.

சூரியன் வரப்பைத் தொட்டது. நான் கேமராவைத் திருகி வானத்தை மொத்தமாகக் கைவிட்டேன். வெளிச்சம் படுதாவில் பட்டுத் திரும்பி வந்தது. ஆனால் அவள் முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் இருள் தங்கியிருந்தது. என்ன என்று நான் தேடுவதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். நகை, மாலை, நெற்றிச்சுட்டி எல்லாவற்றோடும் ராஜா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கத்தினாள்.

"ஏய், அந்தக் கோடியில தொங்குது பாருங்கடி! தூக்கிப் பிடிங்க!"

தூக்கினார்கள். கன்னத்துத் தழும்பு தெரிந்தது. அழுத்தினேன்.